இன்று வரவு செலவு இல்லை

வலைப்பூவில் தினம் ஒரு பதிவு எழுதுவது என்று இதற்கு முன்னால் மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் விட்டிருக்கிறேன். முதல் தடவை 9 நாள் போனது. இரண்டாவது தடவை 4 நாள். ஐந்தாம் நாள் நாத்தனார் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினார். மூன்றாவது தடவை 17 நாள் இழுத்துப் பிடித்தேன். பதினெட்டாம் நாள் ராத்திரி 11 மணிக்கு, எழுத ஒன்றும் இல்லாமல் போனை வெறித்துக்கொண்டிருந்து அப்படியே தூங்கிப்போனேன். விட்டது பெரிதில்லை. விட்ட மறுநாள், ஐயோ விட்டுவிட்டோமே என்ற கூச்சத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன் பாருங்கள், அதில்தான் மூன்றும் செத்தன.

நாலாவது தடவை 2025 தைப்பொங்கல் அன்று ஆரம்பித்தேன். 30 நாள், 100 நாள் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் நவம்பர் மாதம் முழுக்கத் தினம் ஒன்று என்று 2006-இல் ஒரு வழக்கத்தையே தொடங்கினார்கள். எனக்கு மண்டலக் கணக்குதான் மனசுக்குப் பட்டது. பத்தியம் இருந்தாலும் மாலை போட்டாலும் நமக்கு 48 நாள்தானே. தை 1-இல் தொடங்கினால் மாசி 18-இல் முடியும். அந்த 48-இல் 47 நாள் எழுதினேன். விட்ட ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என் நிலைமை. வீடு கோட்டையூரில். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் டேலியில் கணக்குப் போடுகிற வேலை. காலை 10 முதல் மாலை 6 வரை. கணவர் வயரிங் வேலை பார்க்கிறார். மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, பொதுத்தேர்வு. மாமனாருக்கு 82 வயது. இதெல்லாம் போதாதென்று எங்கள் வீட்டு ஆணியில் ஒரு சாவிக்கொத்து தொங்குகிறது. பக்கத்துத் தெருவில் இருக்கிற பெரிய வீட்டுச் சாவி. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். மாமா அந்த வீட்டுக்கு 40 வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வேலை ஓய்ந்துவிட்டது, சாவி ஓயவில்லை. வாரம் ஒரு தடவை திறந்து பெருக்கி, சாமி வீட்டில் விளக்கேற்ற வேண்டும். வெளியூர்க்காரர்கள் வீடு பார்க்க வந்தால் முகப்பு, பட்டாலை, வளவு என்று கட்டுக் கட்டாகக் காட்ட வேண்டும். பர்மா தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கிறவர்களுக்குப் போட்டோவும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மாமா இன்றும் சிட்டை எழுதுகிறார். அந்தந்த நாள் வரவு செலவை அன்றன்றே குறித்து வைக்கிற நோட்டுக்குச் சிட்டை என்று பெயர். அதிலிருந்துதான் ஆள் வாரியாக, இனம் வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள், பேரேட்டிலிருந்து ஐந்தொகை என்கிற முடிவுக் கணக்கு. பெரிய வீட்டுக்கு இப்போது பேரேடும் கிடையாது, ஐந்தொகையும் கிடையாது. சிட்டை மட்டும் நிற்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் திண்ணையில் உட்காருவார். பிள்ளையார் சுழி, தமிழ்த் தேதி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. 'விளக்கெண்ணெய் 1 லிட்டர்', 'கொல்லை முள் வெட்டிய கூலி', 'துடைப்பம் 2'. ஐந்து நிமிஷம். நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

மார்கழிக் கடைசியில் பரண் ஒதுக்கும்போது அவருடைய பழைய நோட்டுகளைத் தூசி தட்டினேன். ஒரு பக்கத்தில் தேதி மட்டும் இருந்தது. கீழே 'இன்று வரவு செலவு இல்லை' என்று ஒரு வரி. புரட்டினால் அடுத்த நாளும் அதே வரி. தொடர்ந்து நாலு நாள். அதே அழுத்தமான கையெழுத்து, அதே பிள்ளையார் சுழி.

"ஒண்ணும் இல்லாத நாளுக்கு எதுக்கு மாமா எழுதணும்?"

"ஒண்ணும் இல்லைங்கிறதை வேற யாருத்தா எழுதுவா? பக்கத்தை வெறுமனே விட்டா, அன்னைக்கு ஒண்ணும் நடக்கலைன்னும் சொல்லலாம், எழுத மறந்துட்டான்னும் சொல்லலாம், மறைச்சுட்டான்னும் சொல்லலாம். எழுதிட்டா ஒரே அர்த்தம்தான்."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நான் மூன்றாவது தடவை விட்டதும் எழுத விஷயம் இல்லாத நாளில்தான். பதிவு என்றால் ஒரு பக்கமாவது வர வேண்டும், படிக்கிறவர் ரசிக்க வேண்டும், முடிவில் ஒரு பஞ்ச் வேண்டும் என்றெல்லாம் நானே ஒரு அளவு வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கு எட்டாத நாளைத் தள்ளுபடி செய்திருக்கிறேன். சிட்டைக்கு அப்படி அளவு கிடையாது. ஆயிரம் ரூபாய்ச் செலவுக்கும் ஒரு வரிதான், அரை லிட்டர் எண்ணெய்க்கும் ஒரு வரிதான்.

அதனால் இந்தத் தடவை ஒரே விதி. ஐந்து வரி எழுதினால் அன்றைய கணக்கு நேர். ஐந்து வரிக்கும் வழியில்லையென்றால், தேதி போட்டு 'இன்று ஒன்றும் இல்லை' என்று வெளியிடலாம். அந்தச் சலுகையை 48 நாளில் இரண்டு தடவைதான் பயன்படுத்தினேன். ஆனால் அது கையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே மற்ற நாட்கள் ஓடின. முதல் தடவை அப்படி வெளியிட்டபோது மலேசியாவிலிருந்து ஒருவர், 'சரி, நாளைக்கு வாங்க' என்று ஒரு வரி போட்டிருந்தார். வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊர் சிரிக்கும் என்று நினைத்தவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அடுத்தது நேரம். விடிகாலை 4 மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று சொல்லாதவர் கிடையாது. எழுந்தும் பார்த்திருக்கிறேன். நாம் எழுந்தது தெரிந்ததும் வீடே எழுந்துகொள்கிறது. மாமாவுக்குக் காபி, மகளுக்கு ஒரு சந்தேகம், தண்ணீர் வருகிற சத்தம். அந்த நேரத்தில் எழுந்து நிம்மதியாக எழுத முடிகிறவர்களின் வீட்டில், காபி போட வேறு ஒரு ஆள் இருக்கிறார் என்பது என் சந்தேகம். ராத்திரி எழுதுவதோ இன்னும் மோசம். நாள் முழுக்கத் தேய்ந்துபோன மூளையைக் கொண்டுவந்து ராத்திரி 11 மணிக்குக் கறக்க முடியாது.

எனக்கென்று யாரும் கை வைக்காத நேரம் எங்கே இருக்கிறது என்று ஒரு வாரம் பார்த்தேன். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு டவுன் பஸ். 9:20-க்கு ஏறினால், நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேர 20 நிமிஷம் ஆகும். அந்த 20 நிமிஷம் யாருக்கும் நான் அம்மா இல்லை, மருமகள் இல்லை, கணக்காளரும் இல்லை. ஜன்னல் சீட்டு கிடைத்தால் ராஜயோகம். 2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் கண்டக்டர் ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறார். காசு இல்லாத பயணத்துக்கும் ஒரு டிக்கெட். மாமாவிடம் சொன்னேன். "பின்னே, ஏறின ஆளைக் கணக்குல காட்ட வேணாமா?" என்றார்.

பஸ் ஏறினதும் மொபைல் டேட்டாவை ஆன் செய்யவே மாட்டேன். செய்தால் குடும்ப குரூப்பில் குட் மார்னிங் ரோஜாப்பூ 14 வந்து நிற்கும், அதற்கு யார் பதில் போடவில்லை என்ற விசாரணை தொடங்கும். போனில் இருக்கிற சாதாரண நோட்ஸ் பக்கத்தில் எழுதி, பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகு டேட்டாவை ஆன் செய்து, ஒட்டி, வெளியிட்டுவிட்டு நடந்தால் கடைக்கு 9:50. பிழை திருத்தம் மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

வாயால் சொல்லி டைப் செய்வதையும் முயன்றேன். வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் நாம் மட்டுமா பேசுகிறோம்? ஆறாம் நாள் பதிவில், பழைய கண்டாங்கிச் சேலையின் கரையைப் பற்றி உருகி எழுதிய வாக்கியத்துக்கு நடுவில் 'உள்ள தள்ளிப் போங்க சில்லறை இருந்தா குடுங்க' என்று இருந்தது. வெளியிட்ட பிறகுதான் பார்த்தேன். அப்புறம் இரண்டு கட்டைவிரல்தான். தமிழ் விசைப்பலகையில் முதல் பத்து நாள் நத்தை மாதிரி போகும். இருபதாம் நாளுக்குமேல் 20 நிமிஷத்தில் 150 சொல் வந்துவிட்டது. தினம் எழுதுவதில் கிடைக்கிற கைமேல் லாபம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நடை மெருகேறும் என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை, விரல் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமையை நான் யோசிக்கவே இல்லை. லீவு நாள், நிறைய நேரம் இருக்கும், நிதானமாக எழுதலாம் என்று விட்டேன். அந்த ஆறாம் நாள் ஞாயிறுதான். கடைத்தெருவுக்குப் போகிற வேலை ஒன்று மதியம் வந்து, அதே பஸ்ஸில் ஏறியதால்தான் எழுதினேன். பதின்மூன்றாம் நாள் குடியரசு தினம், அதுவும் ஞாயிறு. காலையிலிருந்து 'இதோ எழுதுகிறேன்' என்று ராத்திரி 10:40 வரை வந்துவிட்டது. நேரம் நிறைய இருக்கிற நாள்தான் ஆளை ஏமாற்றும். மூன்றாவது ஞாயிற்றிலிருந்து 9:20 அடித்தால் பஸ் ஏறுகிற மாதிரியே போனை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விடுவேன். மகள் உள்ளே இருந்து, "அம்மா பஸ்ல போய்க்கிட்டிருக்காங்க, யாரும் கூப்பிடாதீங்க" என்று கத்துவாள். கேலிதான். வேலை நடந்தது.

இனி தொந்தரவுகள். தை மாதம் பார்த்து ஆரம்பித்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பக்கம் தையில் சும்மா இருக்கிற வீடு கிடையாது. மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. அதைப் பார்க்க முதல் நாளே உறவுக்காரர்கள் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். சாயங்காலப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம். ஒரு ஆழாக்கு பச்சரிசியை அளந்து, அதன் தலையிலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து, அதுதான் அளவு. வெண்ணெயாக அரைத்து, ஒரு கரண்டி மாவைக் காய்ந்த எண்ணெயில் ஊற்றி, மேலாக எண்ணெயை வாரி இறைத்தால், ஓரம் சுருங்கி நடு உப்பி வரும். நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். சிவந்தால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. இதையே பதிவாக்கலாமே என்று ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்றேன். 'ஓரம் சுருங்கி' என்று டைப் செய்து நிமிர்ந்தால் சட்டியில் பணியாரம் செங்கல் நிறத்தில் கிடக்கிறது. பெரிய நாத்தனார் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "போ போ, நீ போய் எழுது" என்றார். அது அனுமதி இல்லை என்பது மருமகளாக வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

வேலை செய்யும்போது எழுதக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வது. 'கோபுரமாக உளுந்து' என்று மனசில் போட்டுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் மறுநாள் பஸ்ஸில் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். மறந்துவிடுமோ என்று பயம் வந்தால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பர்ஸில் வைப்பேன். எங்கள் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற தொழில். புத்தகம், பத்திரிகை மட்டுமில்லை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்ட அச்சுத்தாளையெல்லாம் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் சென்னையில் 1994-இல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. அவர் ஊரில் இருந்துகொண்டு நான் ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடச் சேர்த்து வைக்காவிட்டால் எப்படி? பர்ஸ் வீங்கியதுதான் மிச்சம் என்றில்லை. வெறும் கையோடு பஸ் ஏறிய நாள் குறைந்தது.

எட்டாம் நாள் நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். பெரிய வீட்டுக்காரர்கள் ஊருக்கு வந்ததால் சாவியும் நானும் கூடவே போனோம். இருபத்திரண்டிலிருந்து இருபத்தொன்பது வரை கணவர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டார். தைப்பூசம் முடிந்து கால் வீங்கித் திரும்பி வந்தார். நடுவில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் இல்லை. இதிலெல்லாம் பெரிய சிரமம் இல்லை. பஸ் ஓடியது, எழுதினேன்.

பத்தொன்பதாம் நாள் ஆத்தங்குடிக்குப் போனதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாசியில் பெரிய வீட்டில் கல்யாணம். முகப்பில் விரிசல் விட்ட கற்களை மாற்ற வேண்டும் என்று அந்த வீட்டு ஆச்சி போனில் சொன்னார்கள். மாதிரிக்கு ஒரு உடைந்த கல்லைப் பையில் போட்டுக்கொண்டு, கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். பட்டறையில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கல் போட்டுக்கொண்டிருந்தார். கீழே சதுரக் கண்ணாடி. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகடு அச்சு. ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் ஒரு நிறம். கூழ் பதத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள். ஊற்றி முடித்ததும் அச்சை நேராக மேலே தூக்குகிறார். கை கொஞ்சம் சாய்ந்தாலும் நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவர் தூக்குகிற அந்த ஒரு நொடி மூச்சை நிறுத்திக்கொள்கிறார்; பார்த்துக்கொண்டிருந்த நானும் நிறுத்தினேன். பிறகு மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு, தட்டி, மட்டம் செய்து, கண்ணாடியோடு ஓரமாக வைக்கிறார். அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயில். சூளை கிடையாது. "கண்ணாடி எப்ப எடுப்பீங்க?" என்றேன். "நாம எங்கம்மா எடுக்கிறது? காய்ஞ்சா தானா விட்டுரும்" என்றார்.

பழைய ஆளாக இருந்தால் அன்று ராத்திரியே உட்கார்ந்து இத்தனையையும் ஒரே பதிவில் கொட்டிவிட்டு, மறுநாள் வெறும் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை முதல் நாள் அந்த மூச்சை நிறுத்திய நொடியை மட்டும் எழுதினேன். மறுநாள் கண்ணாடி. மூன்றாம் நாள், பையில் உடைந்த கல்லோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து திரும்பியது. ஒரு பயணத்தில் மூன்று நாள். கஞ்சத்தனம்தான். ஆனால் மூன்றும் தனித்தனியாக உருப்படியாக வந்தன. ஒன்றாகக் கொட்டியிருந்தால் மூச்சு நின்ற இடம் நடுவில் எங்காவது அமுங்கிப்போயிருக்கும்.

கல்யாணம் 34-ஆம் நாள். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே நான் கடைக்கு லீவு. அதாவது பஸ் கிடையாது. திண்ணையிலும் பந்தக்கால், நாற்காலி, ஆட்கள். இந்த வாரத்துக்கு மட்டும் முன்கூட்டியே எழுதி, தேதி குறித்து வைத்துவிட்டால் தானாக வெளியாகும் வசதி இருக்கிறதே என்று ஏழு பதிவு எழுதத் திட்டம் போட்டேன். மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவே இல்லை.

"நாளைச் செலவை இன்னைக்கே எப்படித்தா எழுதுவே?"

"இல்ல மாமா, பொதுவா ஏதாவது..."

"பொதுவா எழுதறதுக்குப் பேரு கணக்கா?"

அவர் சொன்னதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டேன். முகூர்த்த நாளுக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் இரண்டு பதிவு எழுதி வைத்துக்கொண்டேன். அவசரத்துக்கு அந்த இரண்டு. மற்ற நாட்களை அன்றன்றே பார்ப்பது. கடைசியில் அந்த இரண்டில் ஒன்றைத்தான் வெளியிட்டேன், அதுவும் வளவளவென்று உயிரில்லாமல் இருந்தது. மாமா சொன்ன மீதிப் பாதி அப்போது விளங்கியது.

முந்தின நாளுக்கு ஏன் தேவைப்படவில்லை என்றால், என்னை உக்கிராண அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். சாமான் பரப்புவதற்கும் பந்திக்கும் பாத்திரங்களை எடுத்துக் கொடுத்து, என்ன வெளியே போகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். விலாசம் என்றால் தெருப் பெயர் இல்லை, வீட்டு இனிஷியல். பித்தளை அண்டா 6. தவலை 11. ஈயம் பூசிய சருவச்சட்டி 4. எனாமல் தூக்குச்சட்டி 9, அதில் ஒன்றுக்கு மூடி இல்லை. ஒரு தவலையில் விலாசத்துக்குக் கீழே யாரோ ஆணியால் கீறின கோலம். இரண்டு மணி நேரம் எழுதி முடித்து நிமிர்ந்தபோது ராத்திரி 11 ஆகிவிட்டது. பதிவுக்கு என்று தனியாக எழுதத் தெம்பில்லை. அந்தப் பட்டியலையே போனில் ஏற்றி, மூடியில்லாத தூக்குச்சட்டியையும் ஆணிக் கோலத்தையும் பற்றி இரண்டு வரி சேர்த்து வெளியிட்டுவிட்டேன். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, சார்ஜ் 7 சதவீதம் இருக்கும்போது.

இது உதவாத பதிவு என்றுதான் நினைத்தேன். கல்யாணம் முடிந்து, இசைகுடிமானம் என்கிற கல்யாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, விருந்தாட்கள் கிளம்பி, பாத்திரம் எல்லாம் கழுவி உள்ளே வைக்கும்போது பட்டியல் தாளைத் தேடினால், அது கிணற்றடியில் ஈரத்தில் கிடந்து மையெல்லாம் ஓடியிருந்தது. போனை எடுத்து என் பதிவைத் திறந்தேன். அண்டா 6, சரி. தவலை 11, சரி. தூக்குச்சட்டி 8.

ஒன்றைக் காணவில்லை. மூடியில்லாத அந்த ஒன்று இருக்கிறது. மூடியுள்ளதில் ஒன்று போயிருக்கிறது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, "போனா போகுதும்மா" என்றார்கள். எனக்கோ மாமாவுக்கோ அப்படி விட முடியாது. 37-ஆம் நாள் முழுக்க அதைத் தேடுவதிலேயே போனது. கொல்லை, மாட்டுக்கொட்டகை, சமையல்காரர் வண்டி, பக்கத்து வீடு. ராத்திரி 12 மணிக்கு, சாமி வீட்டுக்குப் பின்னால் யாரோ பூக்காரம்மா பூ வைத்துவிட்டுப் போன சட்டியாகக் கிடைத்தது. வாடிய கதம்பத்தோடு. அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தபோதுதான் உறைத்தது, அன்றைக்கு எழுதவில்லை. தேதி தாண்டி 20 நிமிஷம்.

மறுநாள் காலையில் எனக்கு அதே பழைய கூச்சம். கூடவே ஒரு திருட்டு யோசனை. பதிவின் தேதியை முந்தின நாளாக மாற்றிப் போட முடியும், யாருக்கும் தெரியாது. மாமாவுக்குக் காபி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார்.

"நானும் விட்டிருக்கேன். உன் அத்தை தவறினப்போ எட்டு நாள் எழுதலை. முன்தேதி போட்டா அது பொய்க்கணக்கு. அந்தத் தேதியைக் காலியா விட்டுட்டு, இன்னைத் தேதியில 'நேத்து விடுபட்டது'ன்னு எழுதிக்கோ. கணக்கு நேராயிடும்."

அப்படியே எழுதினேன். பஸ்ஸில் கை கொஞ்சம் தயங்கியது, ஊருணி தாண்டுவதற்குள் சரியாகிவிட்டது. இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சியும் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரின் குழு, 96 பேரை 12 வாரம் ஒரு புதுப் பழக்கத்தைத் தினம் செய்யச் சொல்லிக் கவனித்து 2009-இல் வெளியிட்டது. பழக்கம் தானாக வருகிற அளவுக்குப் படிய ஆன நாள் சராசரியாக 66. ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை வித்தியாசம். நடுவில் ஒரு தடவை விட்டுப்போனதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை. 21 நாளில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்கிறவர்களை இனி நம்ப மாட்டேன். என் கணக்கில் 48-ஆம் நாளிலும் அது தானாக வரவில்லை. பஸ்தான் இழுத்து வந்தது.

எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்ப்பதை இரண்டாவது வாரமே நிறுத்தினேன். 11, 14, 9 என்றுதான் இருந்தது. ஒரு நாள் திடீரென்று 60 வந்தது. அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை, மறுநாள் அந்த 60 பேருக்காக எழுதப் போய்ச் செயற்கையாக முடிந்தது. அந்த ஒரு பதிவைத்தான் பிறகு நீக்கலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை. சிட்டையில் அடித்தல் திருத்தல் கூடாது.

44-ஆம் நாள் சிவராத்திரி, கண்விழிப்பு. 'இன்று ஒன்றும் இல்லை' என்ற சலுகையை இரண்டாவது தடவையாக அன்றுதான் பயன்படுத்தினேன். தூக்கத்தைவிடப் பெரிய விஷயம் அன்று எதுவும் தெரியவில்லை.

48-ஆம் நாள் ஞாயிறு, மார்ச் 2. மறுநாள் மகளுக்கு முதல் பரீட்சை, தமிழ். நிறைவுப் பதிவு என்று மனசுக்குள் மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். 9:20-க்குத் திண்ணைக்குப் போகிறேன், உள்ளே இருந்து அழுகைக் குரல். ஹால் டிக்கெட்டைக் காணவில்லை. பள்ளிப் பை, அலமாரி, புத்தகத்துக்கு நடுவில், பிரிட்ஜ் மேலே, எங்கும் இல்லை. கணவர் பள்ளிக்கு ஓடலாமா என்கிறார், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? மதியம் சாப்பாடு இறங்கவில்லை. நிறைவுப் பதிவில் எழுதியது ஆறே வரி, அதில் நாலு வரி ஹால் டிக்கெட்டைத் தேடியது.

சாயங்காலம் மாமா வழக்கம்போல விளக்கு வைக்கும் முன் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். நேற்றைய பக்கத்தில் ஹால் டிக்கெட் இரண்டாக மடித்து, பத்திரமாக. மேசையில் காற்றில் பறந்துகொண்டிருந்ததாம், எடுத்து வைத்தாராம். இத்தனை அமளியிலும் எங்களில் யாரும் அவரைக் கேட்கவில்லை. காது மந்தம், அவருக்கும் அமளி கேட்கவில்லை. இடது பக்கம் பார்த்தேன். மாசி 17, வரவு: பேத்தி ஹால் டிக்கெட் 1.

மறுநாள் காலை 8:30-க்கு மகளோடு கிளம்பும்போது, சாயங்காலம் வரை காத்திருக்காமல் அவர் நோட்டைத் திறந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிள்ளையார் சுழி போட்டு, வலது பக்கத்தில் எழுதினார்: ஹால் டிக்கெட் 1, பேத்தி வசம். எழுதி முடித்துவிட்டு அவளைப் பார்த்து, "திருப்பிக் கொண்டாந்து குடுத்துரு, வரவு வைக்கணும்" என்றார்.